பால்வண்ணன் மேசைக்கடியில் விழுந்தவை

வாகைநல்லூர் பஜாரில், பாத்திரக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு நிற்கிற வண்ணம் ஸ்டுடியோவில், ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் பால்வண்ணன் கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் பெருக்கியபோது, துடைப்பத்தோடு நகத்தளவு நகத்தளவாகப் படங்கள் வந்தன. கண்ணாடித் தாள்போல மெல்லிசு, தொட்டால் இளஞ்சூடு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே ஒரு கல்யாண வீடு. அவர் எல்லாவற்றையும் முறத்தில் வாரினார், குப்பையில் போட மனசு வராமல் பழைய முறுக்கு டின் ஒன்றில் கொட்டி மூடினார், பிறகு சாமி படத்துக்குப் பத்தி கொளுத்தப் போனார்.

அப்போது அவருக்கு நல்ல வேலை நடந்துகொண்டிருந்தது. இருபது வருஷத்துக்கு முந்தி ஊரில் நடந்த கல்யாணம், காதுகுத்து, புதுவீட்டுப் பால்காய்ப்பு எல்லாவற்றையும் சின்னக் கேசட்டில் பிடித்தவர் அவர்தான். அந்தக் கேசட்டைப் போட்டுப் பார்க்கிற பெட்டி இப்போது யார் வீட்டிலும் இல்லை, கேசட்டுகளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஆகவே, பழைய கேசட்டுகளைப் பென்டிரைவில் போட்டுத் தரப்படும் என்று அவர் போர்டு எழுதி மாட்டியதும் ஊரே பீரோவைக் குடைந்துகொண்டு வந்தது. பழைய கேமராவில் கேசட்டை ஓடவிட்டு, வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும். ஒரு மணி நேரக் கேசட் என்றால் கம்ப்யூட்டரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாங்கிக்கொள்ள வேண்டும், பிள்ளைக்குச் சோறூட்டுகிற மாதிரிதான், நாம் அவசரப்பட்டால் அது துப்பிவிடும். வீடியோ என்பது நொடிக்கு இருபத்தைந்து படம். அதில் கம்ப்யூட்டர் வாங்கத் தவறிய படங்களை ஃப்ரேம் விட்டுப்போச்சு என்பார்கள் ஸ்டுடியோக்காரர்கள். விட்டுப்போன இடத்தில் வீடியோ விக்கல் எடுக்கும். மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்குவார், அடுத்த கணம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

பால்வண்ணன் தன் தொழிலில் குறை வைக்கிற ஆள் இல்லை. முதலில் வயரை மாற்றினார். கிளீனிங் கேசட் போட்டுக் கேமராவின் ஹெட்டைத் துடைத்தார். கம்ப்யூட்டரில் தேவையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த வைரஸ் காவலையும் இன்டர்நெட்டையும் நிறுத்தினார், ஹார்டு டிஸ்க்கில் சிதறிக் கிடந்ததை ஒழுங்குபடுத்தினார், அதுவும் போதாமல் வீடியோவுக்கென்றே புது டிஸ்க் ஒன்று வாங்கிப் போட்டார். மதுரையில் இருக்கும் சிநேகிதர் போனில், மெஷினை ஒருதடவை அணைத்துப் போடும் என்றார், அதையும் செய்தார். கடைசியில் அவர் சம்சாரம் வந்து கம்ப்யூட்டருக்கு எலுமிச்சம்பழம் சுற்றி நடு ரோட்டில் உடைத்துவிட்டுப் போனாள். ஒன்றும் பலிக்கவில்லை. படங்கள் விழுந்துகொண்டே இருந்தன, மேசைக்கு அடியில் புளியம்பூ உதிர்ந்ததுபோலக் கிடந்தன.

ஆவணிக் காற்று சும்மா இருக்குமா. கதவிடுக்கில் புகுந்து நாலைந்தைப் பஜாருக்குத் தள்ளிக்கொண்டு போனது. ஒன்று நயினார் டீக்கடையில் கண்ணாடிக் கிளாசின் வெளிப்பக்கம் போய் ஒட்டியது. நயினார் அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். மைத்துனன் கல்யாணப் பந்தியில் அவர் ஒரு லட்டைத் தின்றுவிட்டு இன்னொரு லட்டை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டிருந்தார். அந்தச் செருகுகிற கை மட்டும், அந்தக் கண் மட்டும், வேறொன்றும் இல்லை. பார்த்த மாத்திரத்தில் அவருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. அன்று சாயங்காலம்வரை டீயில் சர்க்கரை போட மறந்தார், குடித்தவர்களும் கேட்கவில்லை, ஏனென்றால் அதற்குள் ஆளுக்கொன்று கிடைத்திருந்தது. இலையில் உட்கார்ந்தவரைச் சம்பந்தி வீட்டார் வந்துவிட்டார்கள் என்று எழுப்பிவிட்ட பெரியப்பாவின் கை ஒருவருக்கு. எழுந்து நிற்கிற அந்த மனிதரின் சிரிப்பு இன்னொருவருக்கு. தான் ஆசையாக எடுத்துக் கொடுத்த சேலையை வேலைக்காரி கட்டிக்கொண்டு வந்து நிற்பதைக் கண்ட நாத்தனாரின் முகம் ஒருத்திக்கு. கம்ப்யூட்டர் எதை வாங்க மாட்டேன் என்கிறது என்பது ஊருக்கு விளங்கிவிட்டது. யாராவது எங்கேயாவது கூசிப்போன கணம் எதுவோ, அதுதான் கீழே விழுந்தது.

இதை என்ன செய்வது என்றுதான் யோசித்தோமே தவிர, இது எப்படி என்று வாகைநல்லூரில் யாரும் கேட்கவில்லை. பேரூராட்சி சுகாதார மேற்பார்வையாளர் வந்து, இது மக்கும் குப்பையா மக்காத குப்பையா என்று விசாரித்தார். அவமானம் மக்காது, நீலத் தொட்டியிலேயே போடுங்கள் என்று ஒரு கட்சி. நாள்பட்டால் எதுவும் மக்கும் என்று இன்னொரு கட்சி. யாரோ ஒரு கை அள்ளிக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டார்கள். உண்டியல் திறந்த அன்று குருக்கள் அதைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு வந்து, சாமி இதை வாங்காது, அவரவர் எடுத்துக்கொண்டு போங்கள் என்று பிராகாரத்தில் வைத்துவிட்டுப் போனார். கடைசியில் பால்வண்ணன்தான் தெருவுக்கு ஒரு முறுக்கு டின் என்று பெயர் எழுதி ஸ்டுடியோ வாசல் பெஞ்சில் அடுக்கினார். வேண்டியவர்கள் வந்து துழாவித் தங்களுடையதை எடுத்துக்கொள்ளலாம். யாரும் சட்டம் போடாமலே ஒரு வழக்கம் வந்து சேர்ந்தது. ஒரு ஆள் டின்னில் கை விட்டால் பஜாரில் இருக்கிற மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பாத்திரக்கடைக்காரர் அண்டாவின் அடிப்பக்கத்தைப் பார்ப்பார், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். நாங்கள் அதில் ரொம்பக் கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டோம். முகத்தைத் திருப்புவது எங்களுக்கு முன்பே பழகிய வேலை என்பது அப்போது உறைக்கவில்லை.

பரிகாரத்தைக் கண்டுபிடித்ததும் தற்செயலாகத்தான். ரிட்டயரான ஆவுடையப்பன் சார் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, தன் மகன் கல்யாணக் கேசட் ஓடும்போது கம்ப்யூட்டர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மரியாதை போதவில்லை என்று நாற்காலியை எட்டி உதைத்துவிட்டு மண்டபத்தைவிட்டு அவர் வெளியேறுகிற இடம் வந்தது. சார் பிடிவாதக்காரர். தான் உதைப்பதைத் தானே இமைக்காமல் பார்த்தார். அந்த இடத்தில் ஒரு படம்கூட விழவில்லை. அதற்குப் பிறகு பால்வண்ணன் கேசட் கொண்டுவருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டார். வெட்கப்பட்டவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, அந்த இடம் வரும்போது முகத்தைத் திருப்பாமல் இருந்தால் முழு வீடியோ கிடைக்கும், முடியாதவர்களுக்கு டின் இருக்கிறது. பெரும்பாலும் எல்லோரும் டின்னைத்தான் விரும்பினோம்.

இப்படி ஓடிக்கொண்டிருக்கையில்தான் பால்வண்ணனுக்கு வேறொன்று கண்ணில் பட்டது. எந்தத் தெரு டின்னைத் துழாவினாலும், எவர் வீட்டுக் கல்யாணமானாலும், சில படங்களின் ஓரத்தில் ஒரு கதவும் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணும் இருந்தார்கள். இடுப்பில் சாவிக்கொத்து. அது மங்கையர்க்கரசி. ஊருக்கு மங்கை.

மங்கைக்கு எட்டு வயதில் கன்னத்தில் வெள்ளைப் படை விழுந்தது. கழுத்துக்கு இறங்கி, கைகளுக்கு வந்து நின்றது. தொட்டால் ஒட்டாது, பரம்பரையாக வரும் என்று பயப்படவும் வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னதை எல்லோரும் கேட்டுக்கொண்டோம், கேட்டுக்கொண்டு எங்கள் புத்தியை எங்களிடமே வைத்துக்கொண்டோம். அவள் அக்கா சொர்ணவடிவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, தங்கை ஒருத்தி இருக்கிறாள், ஹாஸ்டலில் பரீட்சை எழுதுகிறாள் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியாகிவிட்டது. ஆனால் பெண்ணைப் பூட்டி வைக்க முடியுமா. மண்டபத்தில் உக்கிராணம் என்று ஒரு அறை உண்டு. அரிசி, பருப்பு, நெய் டின், வாழைத்தார், தாம்பூலப் பை எல்லாம் அங்கேதான் இருக்கும். களவு போகாமல் அளந்து கொடுக்க நம்பிக்கையான உறவில் ஒருவரை உட்காரவைப்பார்கள், அது பெரிய மரியாதை. அந்த மரியாதையை மங்கைக்குக் கொடுத்தார்கள். அவளும் ஒரு படி பருப்பு குறையாமல் காத்துக் கொடுத்தாள். வடிவின் புருஷனுக்கு விஷயம் தெரிந்தபோது, கல்யாணமாகி ஒரு மாசம்கூட ஆகியிருக்காது, அவர் இதுக்கா என்று ஒரே வார்த்தை கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார். அவ்வளவுதான், அதற்குத்தான் அத்தனையும்.

ஆனால் ஊர் அந்தத் தந்திரத்தைப் பிடித்துக்கொண்டது. உக்கிராணம் பார்க்க மங்கையைப்போல ஆள் கிடையாது என்று வீட்டுக்கு வீடு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தோம். அவள் வந்தாள், சாவியை வாங்கினாள், உள்ளே போனாள். வாகைநல்லூரில் நடந்த கல்யாணங்களில் பாதிக்குமேல் அவள் இருந்தாள், ஒன்றையும் பார்க்கவில்லை. கெட்டிமேளம் கேட்டால் கதவுவரை வந்து நிற்பாள். அங்கே யாருடைய கண்ணாவது அவள்மேல் பட்டுத் திரும்பும். அந்தத் திரும்புதல்கள் எல்லாம் இப்போது முறுக்கு டின்களில் கிடந்தன. அவரவர் படத்தைத் தேடப் போன எங்களுக்கு, ஓரத்தில் நிற்கிற அவளையும் சேர்த்துத்தான் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியிருந்தது. மடியில் வைத்துக்கொண்டு நடந்தால் உப்பு மூட்டை கனம் கனத்தது.

அந்த ஐப்பசியில் மங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்போது அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. தாலுகா ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸாக வேலை பார்த்த வார்டுக்குத் தன் தாயைக் கொண்டுவந்து சேர்த்திருந்த கோவில்பட்டிக்காரர் ஒருவர், தாய் குணமாகி வீடு திரும்பிய பிறகும் வந்துகொண்டே இருந்தார். மங்கை அக்கா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள், வடிவு சந்தோஷத்தில் சீனியை எடுத்து அவள் வாயில் போட்டாள். சீனி கரைந்த பிறகு மங்கை ஒரு காரியம் கேட்டாள்.

“யக்கா, ஒங் கல்யாணத்த நான் பாக்கவே இல்ல. பால்வண்ணன் அண்ணாச்சிட்ட குடுத்து மாத்தி வாங்கி, ஒருதடவ போட்டுக் காட்டேன். பொண்ணு எப்பக் குனியணும், எப்ப நிமிரணும்னு ஒண்ணுந் தெரியாம போயி மணவடைல உக்காரணும்லா.”

வடிவுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. அந்தக் கேசட்டில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே இத்தனை வருஷம் அதைப் பட்டுச்சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். மறுநாள் ஸ்டுடியோவுக்குப் போனாள். பால்வண்ணன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், அவள் அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். எல்லோரும் ஃப்ரேம் விழக் கூடாதே என்று கேசட்டைக் கொடுத்துப் போன ஊரில், விழுந்து தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டு கொடுத்தவள் அவள் ஒருத்திதான். வேண்டுதல் பலித்தது. சாயங்காலம் போய்ப் பென்டிரைவையும் வாங்கிக்கொண்டு, மேசைக்கு அடியில் குனிந்து விழுந்தவற்றையும் பொறுக்கி, முந்தானையில் முடிந்துகொண்டாள். பஜார் முழுக்க வழக்கப்படி வானத்தைப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை மங்கை வந்தாள். டிவிக்கு முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பரீட்சைக்குப் படிக்கிறவளைப்போலக் கல்யாணத்தைப் பார்த்தாள். மாலை மாற்றுவதைப் பார்த்தாள், ஓதுவார் தேவாரம் பாடுவதைப் பார்த்தாள். அட்சதைத் தட்டு கூட்டத்துக்குள் சுற்றி வந்தது, மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார், மணப்பெண் பக்கவாட்டுக் கதவுப் பக்கம் நிமிர்ந்தாள். அந்த இடத்தில் வீடியோ ஒரு விக்கல் எடுத்தது. அடுத்த கணம் மணப்பெண் கழுத்தில் தாலி இருந்தது, அவள் முகம் வேறு பக்கம் இருந்தது.

“இந்த எடத்துல நான் வந்தேன்லாக்கா” என்றாள் மங்கை.

கேசட் பழசு, பூஞ்சை பிடிச்சுட்டு என்றாள் வடிவு. முந்தானை முடிச்சு இடுப்பில் சுட்டது. மங்கை ரிமோட்டைக் கீழே வைத்தாள். கோபப்பட்டிருந்தால் வடிவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் உக்கிராணத்தில் பருப்பு அளக்கிற அதே நிதானத்தில் கேட்டாள்.

“ஸ்டூல்ல உக்காந்து பாத்தா விழாதாம்லா. நீ உக்காருதியா?”

திங்கட்கிழமை மத்தியானம் அக்காவும் தங்கையும் பஜாரில் நடந்து வந்தார்கள். செருப்புக்கடையில் திடீரென்று நிறையப் பேருக்குச் செருப்பு அறுந்திருந்தது, பாத்திரக்கடையில் ஒரு கரண்டியை நாலு பேர் விலை கேட்டார்கள். பால்வண்ணன் ஹெட்டைத் துடைத்துவைத்த கேமராவில் கேசட்டைப் போட்டார், வயரை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். வடிவின் கல்யாணத்தன்று உக்கிராணக் கதவுப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம் என்று பெண்வீட்டார் சொல்லியும் கை தவறித் திருப்பியவர் அவர், அதனால் அவரும் நிமிர்ந்து பார்க்காமல் ஒதுங்கி நின்றார். வடிவு ஸ்டூலில் உட்கார்ந்தாள். மங்கை பக்கத்தில் நின்றாள்.

வடிவுக்கு எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது, அந்தப் பென்டிரைவும் போதும், இருக்கிற கல்யாணமும் போதும் என்று இருந்தது. திரையில் தட்டு சுற்றியது. மாப்பிள்ளை தாலியை எடுத்தார். மணப்பெண் நிமிர்ந்தாள். பக்கவாட்டுக் கதவில், பாவாடை தாவணியில், வியர்த்த முகத்தோடு, தட்டிலிருந்து ஒரு பிடி அட்சதையை யாரிடமோ கேட்டு வாங்கிக்கொண்டு வந்து நின்றாள் மங்கை. மணப்பெண்ணின் உதடு அசையவில்லை. கண் மட்டும், உள்ளே போ என்றது. மாலையும் கழுத்துமாக இருக்கிற ஒரு பெண்ணின் கண்ணுக்கு அவ்வளவு கடுமை இருக்கும் என்று பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள். ஸ்டூலில் இருந்த வடிவுக்குக் கண்ணைப் பிடுங்கிப் போட்டுவிடலாம்போல அவமானமாக இருந்தது. ஆனாலும் அவள் திருப்பவில்லை. திரையில் இருந்தவள்தான் திருப்பினாள், மாப்பிள்ளை பக்கம்.

ஆகவே, அதற்குப் பிறகு நடந்ததை வடிவு அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தாள். கதவில் நின்ற மங்கை, யாரோ இன்னொரு படி பருப்பு கேட்ட மாதிரி, சரி என்று தலையாட்டினாள். உள்ளே போகத் திரும்பினாள். திரும்பியவள் நின்று, எக்கி, கையில் இருந்த அட்சதையை மணவடையைப் பார்த்து வீசினாள். எட்டவில்லை. முன்வரிசை மாமாக்களின் முதுகில் கொஞ்சம் விழுந்தது, மீதி தரையில் விழுந்தது. அவள் இடுப்பில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு உள்ளே போனாள்.

பால்வண்ணன் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார், சுத்தமாக இருந்தது. நிமிர்ந்தபோது மேலே இருந்து அட்சதை விழுந்துகொண்டிருந்தது. மஞ்சள் மணக்க, ஈரம் காயாமல், ஒரு பிடிதான் இருக்கும். வடிவின் வகிட்டில் விழுந்தது, தோளில் விழுந்தது, மடியில் விழுந்தது. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள், அதில் படங்கள் இல்லை, ஈரம் மட்டும் இருந்தது.

“நாந்தாம்ட்டி அப்பாட்டச் சொன்னேன்” என்றாள். “சாவிய ஒங்கிட்டக் குடுக்கச் சொல்லி.”

“தெரியும்க்கா. கைல வாங்கும்போதே தெரியும்” என்றாள் மங்கை. அக்காவின் தோளில் இருந்து ஒரு அரிசியை எடுத்து உற்றுப் பார்த்தாள். “எட்டலன்னுல்லா இத்தன வருசமா நெனச்சிட்டு இருந்தேன்.”

வடிவு அழுதது ஸ்டுடியோவில் இல்லை. அங்கே அவள் வீடியோ முடிகிறவரை, தாம்பூலப் பை கொடுத்துக் கடைசி விருந்தாளி போகிறவரை, ஸ்டூலைவிட்டு அசையவில்லை. பிறகு மங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, தலையில் மஞ்சள் அரிசியோடு, அதைத் தட்டிவிடாமல், வாய்விட்டு அழுதுகொண்டே பஜார் வழியாக நடந்தாள். எங்கள் வழக்கப்படி நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். அண்டா இருந்தது, வானம் இருந்தது, பார்ப்பதற்கு வேறு எத்தனையோ இருந்தது. நயினார் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு நேராகப் பார்த்தார். ஆவுடையப்பன் சார் பார்த்தார். செருப்பு அறுந்தவர்களும் கரண்டி வாங்க வந்தவர்களும் பார்த்தோம், வடிவை மட்டும் இல்லை, அவள் பக்கத்தில் வெயிலில் நடந்துபோகிற மங்கையின் முகத்தை. அந்த முகத்தில் எங்கே வெள்ளை முடிகிறது, எங்கே மாநிறம் தொடங்குகிறது என்று இத்தனை வருஷமாக எங்களுக்குத் தெரியாது. அவளும் எங்களைப் பார்த்தாள். அது எங்களுக்குத்தான் தாங்கவில்லை.

கார்த்திகையில் மங்கை கல்யாணம் நடந்தது. உக்கிராணத்துக்கு யாரைப் போடுவது என்று பேச்சு வந்தபோது வடிவு சாவியைக் கேட்டாள், மங்கை கொடுக்கவில்லை, முன்னால உக்காரு, மொகத்தத் திருப்பாம உக்காரு, எனக்கு அது போதும் என்று சொல்லிவிட்டாள். மற்றவர்களில் யாருக்கும் அந்தச் சாவியை வாங்கக் கை நீளவில்லை. கெட்டிமேளம் கொட்டியபோது ஊர் முழுக்க மணவடைக்கு முன்னால் நின்றது, உக்கிராணம் திறந்து கிடந்தது. பந்திக்கு ஒரு நெய் டின்னும் ஒரு வாழைத்தாரும் குறைந்தன. நாங்கள் நெய் இல்லாமலே பருப்பைப் பிசைந்து சாப்பிட்டோம், ஒருத்தரும் கேட்கவில்லை.